பூ வைத்த அன்று சொல்லாதது

தம்பி,

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "மீனாவ ஒரு வார்த்த கேளுங்க." அவ்வளவு சின்ன வாக்கியம். கொட்டாம்பட்டியைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் அந்த ஊரில், பெண் வீட்டு முன்னறையில், கையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது அது என் தொண்டை வரை வந்தது. சொல்ல நேரம் இருந்தது. சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்கவும் செய்தார். நான் சொல்லவில்லை.

மாப்பிள்ளையாக நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நீ பார்த்திருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். மீனாவின் தாய்மாமா அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். அப்பா இல்லாத பிள்ளைக்கு அவர்தான் எல்லாம். "மாப்ள, எங்க பிள்ள ஊசி போட்டா போட்டதே தெரியாதுன்னு ஆஸ்பத்திரியே சொல்லுது. ஆனா கோவப்படுத்திட்டீகன்னு வையிங்க, தெரியிற மாதிரி போட்டுரும், பாத்துக்கங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா என்னைக் காட்டி, "எங்க வீட்ல ஏற்கெனவே ஒருத்தவுக போட்டுக்கிட்டுத்தான் இருக்காக" என்றார். அதற்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே மாமா கேட்டார்: "அப்ப கல்யாணத்துக்குப் பெறகு வேலைக்குப் போறதப் பத்தி மாப்ள என்ன நெனைக்கிறீக?" நீ யோசிக்கவே இல்லை. "வேணாம் மாமா. ஒரு நர்ஸ் பெத்த பிள்ளையா வளந்தவன் நான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எம் பிள்ளைக்கு அது வேணாம்" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாய்.

மாமா தொடையில் தட்டிக்கொண்டார். "அப்பிடிச் சொல்லுங்க மாப்ள. நாங்களும் எம்புட்டு நாளைக்குத்தான் பஸ் ஏத்திவிட்டுட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்குறது." அடுப்படி வாசலில் நின்ற மீனாவின் அம்மா, "அது ஆசப்பட்டுப் படிச்சது..." என்று ஆரம்பித்தார். யாரும் திரும்பிப் பார்க்காததால் அதோடு நிறுத்திக்கொண்டார். மாமா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்களும் அதே வேலதான பாக்குறீக. நீங்க சொன்னா சரியா இருக்கும். என்ன சொல்றீக?" அப்போதுதான் மீனா தலை நிமிர்ந்தாள். அவள் உன்னைப் பார்க்கவில்லை, அவளுடைய மாமாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல நேரம் போயிரும், பூவ வச்சிருவோம்" என்றேன்.

நம் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குமுன் அந்த அறையில் என்னென்ன பேசப்பட்டதோ அவ்வளவும் இரண்டு வீட்டுக்கும் சம்மதம் என்றாகிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுந்தேன். மல்லிகைச் சரத்தை அவள் பின்னலில் சுற்றிக் கொண்டை ஊசி குத்தும்போது அவள் கழுத்து விறைத்திருந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அத்தை, நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "தலைய அசைக்காத, ஊசி குத்திரும்" என்றேன். வார்டில், ஊசி போடும்போது பேச்சுக் கொடுக்கிற நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலில்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நாம் இரண்டு பேரும் முக்கியமான எதையும் முகத்துக்கு நேராகப் பேசியதே இல்லை, தம்பி. நடுவில் ஒரு கதவு இருந்தால்தான் நமக்குப் பேச்சு வரும். அது எந்தக் கதவு என்று உனக்குத் தெரியும். இந்தத் தாளையும் அப்படி ஒரு கதவு என்று வைத்துக்கொள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே உன்னை மறித்திருப்பேன். வெளியில் எங்காவது சேர்ந்து போனால் இன்னும் அக்கா தம்பியா என்று கேட்கிறார்கள். அவ்வளவு சின்ன வயதில் உன்னைப் பெற்றுக்கொண்டு, பெற்றதும் வேலைக்கு ஓடியவள் நான். நீ சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். காலை டூட்டி முடிந்து நான் தெருமுனையில் திரும்புகிறேன், நீ கீழ்வீட்டு மும்தாஜ் அக்காவின் மடியில் சாய்ந்திருக்கிறாய். நான் ஓடி வரவில்லை. ஓடினால் நோயாளி பயந்துவிடுவார் என்பது எங்களுக்கு முதலில் கற்றுத் தரப்படுவது. நடந்து வந்து, குனிந்து, முழங்கைக்குக் கீழே தொட்டுப் பார்த்து, விரலை அசைக்கச் சொல்லி, "ஒண்ணும் இல்ல, சின்ன முறிவுதான், அழாத" என்றேன். கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தபிறகு நீ உன் அப்பாவிடம் சொன்னாய்: "அம்மா என்னயப் பாக்கவே இல்லப்பா. கையத்தான் பாத்துச்சு." நான் அடுத்த அறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி கையில் கொட்டியது. குழாயில் கையைக் காட்டிவிட்டு மறுபடி வடித்தேன்.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன். நீ தவழ ஆரம்பித்திருந்தாய். உனக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, கண் குழி விழுந்து, உச்சிக்குழி உள்ளே போய், உன்னைத் தூக்கிக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நான் வேலை பார்க்கிற இடத்தில் கைக்குழந்தைகளுக்கு வசதி கிடையாது. அங்கே ஒரு நர்ஸ், என்னைவிடச் சின்னப் பெண், உன் காலில் நரம்பு தேடிக்கொண்டே, "ஒண்ணுமில்லம்மா, சரியாயிரும்" என்றாள். எத்தனை பேரிடம் நான் சொன்ன வாக்கியம். அதை எந்த நேரத்தில், என்ன தெரிந்துகொண்டு சொல்வோம் என்பது எனக்குத் தெரியும். உன் மறு காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீ பிழைத்தாய். எதனால் வந்தது என்று டாக்டரைக் கேட்டேன். தண்ணீராக இருக்கலாம், பால் பாட்டிலாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம் என்றார். உன் அப்பா ஒரே ஒரு முறை, குற்றம் சொல்லும் குரலில்கூட இல்லை, சும்மா யோசிக்கிற குரலில், "நீ வார்டுலருந்து கொண்டாந்ததா இருக்குமோ" என்றார். அந்த வாரம் எங்கள் வார்டிலும் அதே நோய் இருந்தது. நான்தான் கொண்டுவந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரேயடியாக அழுது முடித்திருப்பேன். தெரியாததால்தான் அது முடியவே இல்லை.

அதற்குப் பிறகுதான் "தொடாத, இரு" வந்தது. எல்லா நர்ஸுகளும் வீட்டுக்கு வந்ததும் குளிப்பார்கள். நான் அதை ஒரு சட்டமாக்கினேன். நான் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் நீ வாசலுக்கு ஓடி வருவாய். "தொடாத, இரு" என்று கை நீட்டித் தடுப்பேன். கீழிருந்து மும்தாஜ் அக்கா, "ராசா, ஒதுங்கு ஒதுங்கு, டாக்டரம்மா வருது. ஊர்ல உள்ள சீக்கெல்லாம் பின்னாடியே மாடி ஏறுது" என்று கேலி செய்வார். நீ சிரித்துக்கொண்டே சுவரோடு ஒட்டி நிற்பாய். நான் உன்னைக் கடந்து நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். மற்ற பிள்ளைகள் அம்மா வாயிலிருந்து தினமும் முதலில் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ கேட்டது அந்த இரண்டு சொல்.

ஆனால் நீ அங்கேயே நிற்கவில்லை. வந்து, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்துவிடுவாய். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினான், டீச்சரின் கண்ணாடி எங்கே விழுந்தது, மும்தாஜ் அக்கா வீட்டில் என்ன சாப்பிட்டாய், எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான். தண்ணீர்ச் சத்தத்தில் உன் பேச்சு மறையக்கூடாது என்று நான் குழாயைச் சன்னமாகத் திறந்துவைத்துக் குளிப்பேன். உன் பிள்ளைப் பருவம் முழுவதையும் நான் ஈரத்தோடு நின்று கேட்டிருக்கிறேன். அது நல்ல நேரம்தான், தம்பி. உனக்கு அது கதவாக மட்டும் ஞாபகம் இருக்கிறதோ என்பதுதான் என் பயம்.

ஒரு நாள் நீ ரொம்ப நேரம் பேசினாய். உன் நண்பன் ஒருவன் சத்துணவு முட்டையை டவுசர் பையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்ட கதை. நீ சொல்லும்போதே உனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முடித்துவிட்டு, "அம்மா, நீ சிரிக்கவே இல்ல" என்றாய். "தண்ணி சத்தத்துல கேக்கலடா" என்றேன். குழாய் திறந்திருந்தது உண்மை. நான் குளித்து முடித்து வெகு நேரம் ஆகியிருந்தது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அன்று காலை மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பாம்பு கடி. நேரம் தப்பிவிட்டது. உன் வயது, உன் உயரம், ஒரு காலில் மட்டும் செருப்பு. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, முழிச்சிருவான்ல" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரும்மா" என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் அவர்கள் ஆட்களில் ஒருவர் என்னைத்தான் திட்டினார். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்றார். அடுத்த படுக்கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்து முடிந்திருந்தது, நான் போய் மாற்றினேன். கல் மாதிரி நிற்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை இறக்கி வைக்க எனக்கு அந்தக் குளியலறையைத் தவிர வேறு இடம் இல்லை. முட்டைக் கதை முழுவதும் எனக்குக் கேட்டது. இப்போதும் ஒவ்வொரு வார்த்தையும் சொல்வேன்.

உன்னிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்தேன். நீ வளர்ந்த பிறகும் அப்படியே நினைத்தேன். வேலை இடத்து அழுகையை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்பதை நோயைக் கொண்டுவரக்கூடாது என்பதோடு சேர்த்துக் கழுவிவிட்டேன் போலிருக்கிறது. அதோடு சிரிப்பும் போயிருக்கிறது. எங்கள் வேலையில் நாள் முழுவதும் முகத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். திட்டுகிறவருக்கு ஒரு முகம், சாகப் போகிறவருக்கு ஒரு முகம், அவருடைய மகளுக்கு இன்னொன்று. வீட்டுக்கு வரும்போது என்னிடம் மிச்சமிருந்தது சும்மா இருக்கிற முகம் மட்டும்தான். அது உனக்குக் கோபம்போலத் தெரிந்திருக்கும். பல நாள் நீ மெதுவாக அப்பாவிடம் போய், "அம்மா கோவமா இருக்கா?" என்று கேட்டது எனக்குத் தெரியும்.

கொரோனா வந்தபோது நீ கல்லூரியில் சேர்ந்திருந்தாய். எங்களை ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்க வைத்துவிட்டார்கள். ஒருநாள் துணி எடுக்க வந்தேன். படியேறாமல் தெருவில் நின்றேன். நீ தூக்குவாளியில் ரசமும் சோறும் கொண்டுவந்து வாசல் படியில் வைத்துவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமலே பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றாய். என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகள் கட்டிப்பிடிக்க ஓடிவந்ததையும், தடுத்ததையும், அழுததையும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நம் வீட்டில் யாரும் அழவில்லை. நமக்குப் பழக்கம் இருந்தது. விடுதியில் அந்தச் சோற்றைச் சாப்பிடும்போது எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நோய்கூட இல்லை. நீ எவ்வளவு சரியாக நகர்ந்து நின்றாய் என்பது.

ஆகவே நீ பெண் வீட்டில் அப்படிச் சொன்னபோது எனக்கு அவமானமாக இல்லை. பயந்தேன். இவன் சொல்வது சரியாக இருந்தால், என்று ஒரு பயம். நான் வாயைத் திறந்தால், எல்லோர் முன்னாலும் நீ என்னைப் பார்த்து அந்தக் கை முறிந்த கதையைச் சொல்லிவிடுவாயோ என்றும் ஒரு பயம். வேனில் திரும்பி வரும்போது உன் அப்பா கேட்டார், நீ முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தாய். "ஏன் ஒண்ணுமே சொல்லல?" "என்ன சொல்லச் சொல்றீங்க?" "பய சொன்னதுலயும் தப்பில்லயே. நீயே எத்தன தடவ விட்டுர்றேன் விட்டுர்றேன்னு சொல்லியிருக்க." உண்மைதான். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே ஆற்றில் நிற்கும்போது டூட்டிக்குப் போன ஒவ்வொரு வருஷமும் சொல்லியிருக்கிறேன். உன் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று லீவு கிடைக்காமல் போனபோது அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன். "சொல்லியிருக்கேன். விடலயே" என்றேன். "அதான, ஏன் விடல?" என்றார். வேன் மேலூரைத் தாண்டும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஏதாவது புத்தகம் படிக்கிறவள் நான், உனக்குத் தெரியும். பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் விட்ட அம்மாக்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். என்னால் அவர்களோடு சேர்ந்து அழ முடியும், அவர்களாக இருக்க முடியாது. அது பெருமையாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வார்டில் நுழைந்ததும் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு முன்பே என் கைக்குத் தெரிந்துவிடும். வேறு எந்த இடத்திலும், நம் வீட்டு அடுப்படியில்கூட, எனக்கு அப்படி இருந்ததில்லை. ஒரு மனுஷிக்குத் தான் இங்கே தேவை என்று சந்தேகமில்லாமல் தெரிகிற இடம் ஒன்று வேண்டும். எனக்கு அது கிடைத்துவிட்டது. அதை விட்டிருந்தால் நீ வாசலுக்கு ஓடி வரும்போது உன்னைத் தூக்கியிருப்பேன். தூக்கிய அந்த அம்மா எப்படிப்பட்டவளாக இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

மீனாவை உனக்குக் காட்டியதே நான்தான். அவள் படிக்கிற காலத்தில் பயிற்சிக்கு எங்கள் வார்டுக்கு வந்திருந்தாள். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர், வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். முகத்தைச் சுளிக்காமல் துடைப்பதற்கு எல்லோரும் பழகிக்கொள்வார்கள். இந்தப் பெண் துடைத்து முடித்துவிட்டு, ஒரு சீப்பை எடுத்து அவர் மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பேச முடியாத அந்த மனிதர் நல்ல கையைத் தூக்கி, முகம் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்று சைகை காட்டினார். இப்போது அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். அந்த இடம் யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. நீ அவள் போட்டோவைப் பார்த்துச் சிரித்தபோதும், அடுத்தடுத்துப் போனில் பேச ஆரம்பித்தபோதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இவனுக்கு அந்த வேலையைப் பிடித்துவிட்டது, அதாவது என்னை மன்னித்துவிட்டான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். உனக்கு அவளைப் பிடித்தது. வேலையைப் பிடிக்கவில்லை. அதை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது நான் கேட்பது, அவளை வேலைக்கு அனுப்பு என்பது இல்லை. அனுப்புவதற்கும் நிறுத்துவதற்கும் நீ யார், நான் யார்? அவளிடம் கேள். அவள் "பரவால்லங்க, நீங்க சொன்னா சரி" என்று சொன்னாலும் சொல்லுவாள். அப்போது அந்தக் குரலை உற்றுக் கேள். நாங்கள் ஊசி குத்தும்போது "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்போமே, அந்தக் குரலாக இருந்தால் அது பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேள். அவள் வேலைக்குப் போவதாக இருந்தால், வாசலில் வைத்து "ஏன் லேட்டு" என்று மட்டும் கேட்காதே. டூட்டி முடிவது கடிகாரத்தில் இல்லை. அடுத்து வருகிறவளுக்கு ஒவ்வொரு படுக்கையாக ஒப்படைத்துவிட்டுத்தான் வரமுடியும். ஒப்படைக்கும்போது ஒருவருக்கு மூச்சுத் திணறினால் அவ்வளவுதான். அவள் குளித்து, ஒரு வாய் காப்பி குடிக்கும்வரை பொறுத்திரு. பிறகு "இன்னிக்கு யாரு இருந்தாங்க" என்று கேள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் அந்தப் பாம்பு கடித்த பையனைப் பற்றிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. தீபாவளிக்கு அவள் இருப்பாள் என்று எந்த உறவுக்காரருக்கும் வாக்குக் கொடுக்காதே. பிள்ளை பிறந்தால், அது காய்ச்சலில் கிடக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அவள் அதன் கையைப் பிடித்து நாடியைத்தான் முதலில் பார்ப்பாள், பார்த்தாகவேண்டும். முகத்தை நீ பார். உன் அப்பா அதைக் கொஞ்சம் செய்தார். இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம்.

நான் செய்யவேண்டியதும் ஒன்று இருக்கிறது. அந்த மாமா கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் போய்ச் சொல்லலாம் என்று இருக்கிறேன். பூ வைத்தது உங்கள் பிள்ளைக்கு, அந்தப் பேச்சுக்கு இல்லை என்று. மாப்பிள்ளை வீட்டு அம்மா இப்படி வந்து பேசினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று நினைக்கும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. நீ என்மேல் கோபப்படுவாய் என்று நினைத்தால் இன்னும் அதிகம். இந்தக் கடிதத்தைக் கையில் கொடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. காலையில் உன் ஹெல்மெட்டுக்குள் வைத்துவிட்டு டூட்டிக்குப் போகிறேன்.

*

மேலே எழுதியது உனக்கு மட்டும் என்று எழுதியது. இதை நம்மைப்போன்ற மற்ற வீடுகளிலும் படிக்கட்டும் என்று சொன்னவள் மீனா. நீயும் சரி என்றாய். அதனால் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும்.

நீ அந்தக் கடிதத்தை, நீ வேலை பார்க்கிற ஷோரூமின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றே படித்ததாகச் சொன்னாய். அங்கிருந்தே மீனாவுக்குப் போன் செய்தாய், அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றாய். டூட்டி முடிகிற நேரம் தாண்டியும் அவள் வரவில்லை. எதிரில் இருந்த டீக்கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, இம்புட்டு நேரமா ஆகும்?" "ஆகும்" என்றேன். நீ கடைக்காரரிடம் இன்னொரு டீ சொல்வது கேட்டது. பிறகு, "சரி, நிக்கிறேன்" என்றாய்.

அவள் வந்ததும் கேட்டாய். அவள் வேலையை விடுவதாகப் பூ வைத்த மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டிருந்தாள். "அத்தையே ஒண்ணும் சொல்லலயேன்னுதான் குடுத்துட்டேன்" என்றாளாம். இதை நீ என்னிடம் சொல்ல இரண்டு நாள் யோசித்தாய். நான் அவள் ஊருக்குப் போய் மாமாவிடம் பேசினேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார். அதற்கு மேல் மறுக்காமல், உள்ளே பார்த்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார். நீயும் மீனாவும் சேர்ந்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போய், எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். "நீயாத்தானம்மா எழுதிக் குடுத்த" என்றார்கள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது.

வைகாசியில் உங்கள் கல்யாணம் நடந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அதை யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. மீனா இங்கேயே கே.கே. நகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பொது வார்டில் சேர்ந்திருக்கிறாள், படிப்பு முடித்து வந்த பெண்களோடு புதிய ஆளாக. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் பார்த்த படுக்கைகளை இப்போது வேறொரு பெண் பார்க்கிறாள்.